கல்யாணம் ஆகாத ஜோடிக்கு விசா என்று சொல்லி ₹6,40,000 சுருட்டிவிட்டார்கள்: திருநெல்வேலி மக்களே, உஷார்

ஆறு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். அம்மாவின் நகையை வங்கியில் வைத்தும், என் சேமிப்பை வழித்தெடுத்தும் கட்டிய பணம். பாஸ்போர்ட் இந்த வாரம்தான் கைக்கு வந்தது. இன்னும் கை நடுங்குகிறது. இருந்தாலும் இப்போதே எழுதுகிறேன், இன்னொருத்தி அந்த விசா ஆபீஸ் மாடிப்படி ஏறிவிடக் கூடாது.

என் துணைவர் பிரிட்டிஷ் குடிமகன். சென்னைக்கு வேலைக்கு வந்தவர். இரண்டு வருடத்துக்கு மேல் வேளச்சேரியில் ஒரே வீட்டில் இருந்தோம். வேலை முடிந்து அவர் லீட்ஸ் திரும்பினார், நான் பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டேன். கல்யாணம் இப்போதைக்கு வேண்டாம் என்பது நாங்கள் இருவரும் பேசி எடுத்த முடிவு. அம்மாவுக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனாலும் என் பக்கம் நின்றாள்.

எங்களைப் போன்றவர்களுக்கு பிரிட்டனில் சட்டப்படி வழி இருக்கிறது. கல்யாணம் ஆகாத துணை என்றே விண்ணப்பிக்கலாம். முன்பெல்லாம் இரண்டு வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். 2024 ஜனவரி 31 முதல், கல்யாணத்துக்கு ஒப்பான உறவு இரண்டு வருடமாக இருந்தாலே போதும் என்று மாற்றிவிட்டார்கள். அங்கே இருப்பவருக்கு வருடத்துக்கு 29,000 பவுண்ட் வருமானம் வேண்டும், அவருக்கு இருக்கிறது. இந்த விசா கிடைத்தால் போன நாள் முதல் வேலை பார்க்கலாம். எனக்கு அதுதான் முக்கியம். அங்கே போய் ஒருவர் சம்பளத்தை நம்பி உட்கார்ந்திருக்க எனக்கு இஷ்டமில்லை.

வண்ணார்பேட்டைப் பக்கம் மாடியில் ஒரு விசா கன்சல்டன்சி. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அந்த ஆள் என் ஃபைலை வாங்கி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். இரண்டு பேர் பெயரிலும் இருந்த வாடகை ஒப்பந்தம், கேஸ் பில், ஜாயின்ட் அக்கவுன்ட் ஸ்டேட்மென்ட், ஊட்டியில் எடுத்த போட்டோ. ஒவ்வொன்றிலும் மஞ்சள் சீட்டு ஒட்டினார். யாருமே எங்களிடம் அப்படிப் பொறுமையாகப் பேசியதில்லை. கல்யாணம் ஆகவில்லை என்று சொன்னபோது முகம் சுளிக்கவில்லை. அம்மாவைப் பார்த்து, "கவலப்படாதிய அம்மா, இவ எனக்குத் தங்கச்சி மாதிரி. போன மறுவாரமே வேலைக்குச் சேந்துருவா" என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த இடத்தில்தான் நாங்கள் நம்பினோம்.

விண்ணப்பக் கட்டணம் 1,938 பவுண்ட், அங்கே அரசு மருத்துவச் சேவைக்காகக் கட்டும் சர்சார்ஜ் 3,105 பவுண்ட், அதற்கு மேல் அவர்கள் சர்வீஸ் சார்ஜ். எல்லாம் சேர்த்து ஆறு லட்சத்து நாற்பதாயிரம். கட்டணமும் சர்சார்ஜும் அந்தச் சமயத்தில் அரசாங்கக் கணக்கிலும் அதேதான், அதனால் சந்தேகப்பட இடமே இல்லை. பாதி ஜிபே, பாதி ரொக்கம். ஆன்லைன் ஃபார்மை அவர்கள் கம்ப்யூட்டரில், அவர்கள் ஈமெயிலைப் போட்டு நிரப்பினார்கள். காசநோய்ப் பரிசோதனை வேண்டாமா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் இப்ப எடுத்துட்டாங்க" என்றார்கள். பச்சைப் பொய். இந்தியாவிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர்களுக்கு அந்தச் சான்றிதழ் இல்லாமல் முடியாது.

பாஸ்போர்ட் வந்தது. பிரித்துப் பார்த்தால் ஆறு மாத விசிட்டர் விசா. வேலை பார்க்கக் கூடாது, அரசு உதவி பெறக் கூடாது என்று ஸ்டிக்கரிலேயே அச்சடித்திருக்கிறது. அந்த விசாவுக்கு அப்போது கட்டணம் 127 பவுண்ட். ஆறு லட்சத்து நாற்பதாயிரம் வாங்கிக்கொண்டு அரசாங்கத்துக்குக் கட்டியது அவ்வளவுதான். நான் கொடுத்த ஃபைல் மஞ்சள் சீட்டுகளோடு அப்படியே திரும்பி வந்தது. ஒரு பின்னைக்கூட எடுக்கவில்லை.

போன் போட்டேன். முதலில், "அங்க போயி மாத்திக்கிடலாம்" என்றார்கள். மாற்ற முடியாது. விசிட்டராகப் போனவர் அங்கே இருந்துகொண்டே துணை விசாவுக்கு மாற விதி இடம் கொடுக்கவில்லை, ஊருக்குத் திரும்பி வந்து மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். அதைச் சொன்னதும், "சார் தூத்துக்குடி போயிருக்காரு." அப்புறம், "ஹெட் ஆபீஸ்ல கேட்டுச் சொல்லுதோம்." அப்புறம் போனையே எடுக்கவில்லை. நேரில் போனால் அந்த ஆள், "இப்ப என்ன, ஏதாவது கடையில நின்னு கையில காசா வாங்கிக்கிடுங்க, யாரு பாக்கப் போறா" என்கிறார். அனுமதியில்லாமல் வேலை பார்ப்பது அங்கே கிரிமினல் குற்றம். வேலை கொடுத்தவருக்கு முதல் தடவையே ஒரு ஆளுக்கு 45,000 பவுண்ட் வரை அபராதம். மாட்டினால் என் துணை விசாக் கனவும் அதோடு போச்சு. இதைத்தான் தங்கச்சிக்குச் சொல்லும் யோசனையாகச் சொன்னார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அந்த அன்பு மொத்தமும் போய்விட்டது. என்னை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார். "ஸ்டேஷனுக்குப் போனா, உங்க மக கல்யாணம் ஆகாம ஒருத்தங்கூட இருந்த கதையெல்லாம் சொல்லணும். பரவாயில்லையா?" என்றார். அம்மா படியில் இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள்.

இவர்கள் பிழைப்பே இதில்தான் ஓடுகிறது. கல்யாணம் ஆனவர்கள் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து சண்டை போடுவார்கள், நம்மைப் போன்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்ற கணக்கு. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: வயது வந்த இருவர் கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வது இந்தியாவில் குற்றமே இல்லை. நடிகை குஷ்பு மீது தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் போட்ட வழக்குகளை 2010-ல் ரத்து செய்தபோதே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. குற்றம் செய்தது ஏமாற்றியவர். பழைய சட்டத்தில் பிரிவு 420, இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 318.

நிறைய யோசனை எழுதலாம் என்றுதான் நினைத்தேன், மனசு ஒரு நிலையில் இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபார்மை உங்கள் ஈமெயிலில் நீங்களே திறங்கள். அரசாங்கக் கட்டணத்தை உங்கள் கார்டிலிருந்து நீங்களே கட்டுங்கள், யார் கையிலும் கொடுக்காதீர்கள். சப்மிட் செய்வதற்கு முன் எந்த வகை விசா என்று எழுத்தில் பாருங்கள். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர்களுக்கான ஃபியான்சே விசா என்று சொன்னாலும் கவனம், அதில் கல்யாணம் முடிந்து விசா மாறும் வரை வேலை பார்க்க முடியாது. காசநோய்ப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஜிபே ரசீதுகளையும் வாட்ஸ்அப் மெசேஜ்களையும் பிரிண்ட் எடுத்துவிட்டேன். கமிஷனர் அலுவலகத்தில் புகார் கொடுக்கப் போகிறேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும். ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் 200 ரூபாய்தான். அம்மாவும் என்னோடு வருகிறாள். இதே மாதிரி மாடியில் பணம் கட்டியவர்கள் இருந்தால் ரசீதை எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்தே கொடுப்போம்.