வீட்டுக்கு ஆஃப்செட் ஸ்மோக்கர்: பட்டறையில் ஆர்டர் கொடுக்குமுன் ஓர் ஒப்பீடு

டெக்சஸில் பட்டறைக்காரரிடம் சொல்லி ஆஃப்செட் ஸ்மோக்கர் (பக்கவாட்டில் தனியாக எரியும் விறகின் சூட்டிலும் புகையிலும் இறைச்சியை வேகவைக்கும் இரும்புப் பெட்டி) செய்துகொள்ளப் போகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் "இரும்பு எவ்வளவு கனம்?" என்பதுதான். கேட்க வேண்டியது வேறு. பிளந்த ஓக் கட்டை ஒன்றைப் போட்டு, அது கொழுந்துவிட்டு எரியும்போதே சேம்பர், அதாவது இறைச்சி வைக்கும் உருளை, 250 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நிற்குமா? நிற்கும் பெட்டியில் புகைபோக்கியிலிருந்து மெல்லிய நீலப் புகை வரும், சில நேரம் வெறும் அனல் அலைதான் தெரியும். நிற்காத பெட்டியில் சூடு எகிறிவிடுமோ என்று பயந்து காற்றை அடைப்போம். கொழுந்து அணைந்து கட்டை வெறுமனே புகையும், திரள் திரளாக வெள்ளைப் புகை வரும், இறைச்சியின் மேல் கசப்பும் கரியும் படியும். கீழே வரும் ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் இதுதான் எங்கள் அளவுகோல்.

நேரோட்டமா, எதிரோட்டமா

நேரோட்ட வகையில் ஒரு கோடியில் விறகு எரியும் ஃபயர்பாக்ஸ், மறுகோடியில் புகைபோக்கி. சூடும் புகையும் ஒரே திசையில் இறைச்சியின் மேல் படர்ந்து வெளியேறும். ஆஸ்டினின் ஃபிராங்க்ளின், லாக்ஹார்ட்டின் மில் ஸ்கேல் ஆகிய பட்டறைகள் செய்வது இந்த வகை. எதிரோட்ட வகையில் கிரில் கம்பிக்குக் கீழே ஒரு முழுத் தகடு ஓடும். புகை தகட்டுக்கு அடியில் மறுகோடி வரை போய், அங்கிருந்து மேலே திரும்பி, இறைச்சியின் மேல் வந்து, ஃபயர்பாக்ஸ் பக்கமே இருக்கும் புகைபோக்கி வழியாக வெளியேறும். ஜார்ஜியாவின் லாங் நிறுவனம் பெயர் வாங்கியது இதில்தான்.

எதிரோட்டத்தின் பலம் சீரான சூடு. நன்றாகச் செய்த பெட்டியில் இரு கோடிகளுக்கும் 10 முதல் 15 டிகிரிதான் வித்தியாசம் இருக்கும். நேரோட்டத்தில் 25 முதல் 40 டிகிரி வரை சாதாரணம். பத்து அடுக்கு விலா எலும்பை ஒரே நேரத்தில் வைத்து ஒரே நேரத்தில் எடுக்க வேண்டியவருக்கு அந்தச் சீர் பெரிய உதவி. வீட்டில் இரண்டு பிரிஸ்கெட் (மாட்டின் நெஞ்சுப் பகுதி இறைச்சி) வைப்பவருக்கு அவ்வளவு தேவையில்லை. வித்தியாசத்தையே அவர் பயன்படுத்திக்கொள்ளலாம்: கொழுப்பு அதிகமுள்ள தடித்த பக்கத்தை நெருப்பை நோக்கி வைத்தால், மெலிந்த பக்கம் காயாமல் இரண்டும் சேர்ந்தே வேகும். கோழிக்கு அந்தச் சூடான கோடிதான் சரியான இடம்.

எதிரோட்டத்தின் பலவீனம் தகட்டிலேயே இருக்கிறது. 20 அங்குல விட்டமுள்ள உருளைக்குக் கால் அங்குலத் தகடு போட்டால் 40 பவுண்டுக்கு மேல் கூடுதல் இரும்பு. அது காய அரை மணி நேரமாவது அதிகம் ஆகும். ஒருமுறை 300 டிகிரியைத் தாண்டிவிட்டால் லேசில் இறங்காது. சொட்டும் கொழுப்பு தகட்டில் விழுந்து பொரியும். அந்த வாசனையை விரும்பி இதை வாங்குகிறவர்களும் உண்டு. ஆனால் வடிகால் குழாய் அடைத்துக்கொண்டால் கொழுப்பு தேங்கித் தீப்பிடிக்கும். தகட்டின் அடிப்பகுதிக்குள் கை போகாது. அங்கே படியும் கரியை நீள் கம்பி விட்டுச் சுரண்டத்தான் வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் காற்று. புகை ஓடும் பாதையில் எந்த இடமும் ஃபயர்பாக்ஸும் சேம்பரும் சேரும் வாயைவிடக் குறுகலாக இருக்கக்கூடாது. 20 அங்குல உருளையில் தகட்டை அடியிலிருந்து 6 அங்குல உயரத்தில் வைத்தால், அதன் கீழே கிடைக்கும் பரப்பு ஏறத்தாழ 79 சதுர அங்குலம். தகட்டின் அகலம் 18 அங்குலத்துக்குச் சற்று மேல். அப்படியானால் மறுகோடியில் புகை மேலே திரும்பும் இடைவெளி குறைந்தது நாலரை அங்குலம் இருக்க வேண்டும். பல பட்டறைகளில் கிரில் பரப்பைக் கூட்டிக் காட்ட இந்த இடைவெளியை 3 அங்குலத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பெட்டியில் ஃபயர்பாக்ஸ் கதவைத் திறந்தே வைத்தாலும் நெருப்பு மூச்சுத் திணறும். வரைபடத்தைக் கேட்டு வாங்கி இந்த ஓர் அளவையாவது பார்த்துவிடுங்கள்.

வீட்டுக்கு எங்கள் பரிந்துரை நேரோட்டம். எதிரோட்டம் தவறான தேர்வு அல்ல. அதைச் சரியாகச் செய்யத் தெரிந்த பட்டறை வேண்டும், பெட்டியை நிறைத்துச் சமைக்கும் வழக்கமும் வேண்டும்.

இரும்பின் கனம்: கால் அங்குலமா, 3/8 அங்குலமா

"3/8 அங்குலம் போட்டால் விறகு குறைவாகச் செலவாகும்" என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. இது பாதிதான் உண்மை. இரும்பு சூட்டைத் தேக்கிவைக்கும், தடுத்து நிறுத்தாது. சூடான பெட்டியிலிருந்து வெளியேறும் வெப்பம் அதன் வெளிப்பரப்பையும் காற்றையும் பொறுத்தது. கனத்தைக் கூட்டினால் அது குறைவதில்லை. தடித்த தோசைக்கல் தாமதமாகக் காயும், தாமதமாக ஆறும். அடுப்பில் இருக்கும் நேரமெல்லாம் எரிவாயுவை மிச்சம் பிடிப்பதில்லை. இதுவும் அப்படித்தான்.

எடையையும் பாருங்கள். 24 அங்குலக் குழாய் கால் அங்குலத்தில் ஓர் அடிக்குச் சுமார் 63 பவுண்டு. அதே குழாய் 3/8 அங்குலத்தில் சுமார் 95 பவுண்டு. 4 அடி சேம்பருக்கு மட்டும் 125 பவுண்டுக்கு மேல் வித்தியாசம். காலை 5 மணிக்கு நெருப்பு மூட்டினால் கால் அங்குலப் பெட்டி முக்கால் மணியில் 250-க்கு வந்துவிடும். கனமானது ஒன்றரை மணி நேரம்கூட எடுக்கும். பதினான்கு மணி நேரம் எரிக்கும் உணவகத்தில் இந்தத் தாமதம் தெரியாது. ஞாயிறு மதியத்துக்குக் கோழி வாட்டுபவருக்குத் தெரியும்.

கதவை அடிக்கடி திறக்கும்போது சூடு சட்டென்று திரும்புவது கனமான இரும்பின் நல்ல பக்கம். ஆனால் அதற்காகக் கொடுக்கும் பணத்தை ஃபயர்பாக்ஸில் போடுவது மேல். சேம்பர் கால் அங்குலம், ஃபயர்பாக்ஸ் மட்டும் 3/8 என்று கேட்பது நல்ல ஏற்பாடு. தணலின் நேரடிச் சூட்டில் வளைந்து அரித்துப்போவது ஃபயர்பாக்ஸ்தான். கால் அங்குலத்துக்குக் கீழே மட்டும் போகாதீர்கள்.

ஃபயர்பாக்ஸ்: ஒற்றைச் சுவரா, இரட்டைச் சுவரா

இரட்டைச் சுவர்ப் பெட்டியில் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஓர் அங்குலமோ ஒன்றரை அங்குலமோ இடைவெளி விட்டுச் செராமிக் பஞ்சு அடைப்பார்கள். விறகை உண்மையில் மிச்சப்படுத்துவது இதுதான். சிகாகோ, மினியாபொலிஸ், டொரண்டோ பக்கம் குளிரில் சமைப்பவர்களுக்கும், காற்று அறையும் திறந்த முற்றம் உள்ளவர்களுக்கும் இது வேண்டும். மழைத்தூறல் சூடான ஒற்றைச் சுவரில் பட்டாலே சேம்பரின் சூடு இறங்கும். இரட்டைச் சுவரில் அந்தத் தொல்லை குறைவு.

ஆனால் மிச்சமாகும் விறகுக்கு ஒரு விலை உண்டு. சிறு நெருப்பே போதும் என்றால் உள்ளே இழுபடும் காற்றும் குறையும். இறைச்சியின் மேல் காற்று வேகமாக ஓடினால்தான் மேல்தோல் நன்றாகக் காய்ந்து கறுத்த பட்டையாக இறுகும். டெக்சஸ் கோடையில் வெளியே 100 டிகிரி இருக்கும்போது இரட்டைச் சுவர்ப் பெட்டியில் ஒரே கட்டை போட்டாலும் சூடு 300-ஐத் தொடும். அப்போது காற்றை அடைக்க மனம் போகும், வெள்ளைப் புகை ஆரம்பிக்கும். ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின் வீடுகளுக்கு ஒற்றைச் சுவர் போதும் என்பது எங்கள் கணிப்பு.

இரட்டைச் சுவர்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால், வெளிச்சுவரின் எல்லா மூட்டுகளும் முழுதாக வெல்டிங் செய்யப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இடைவெளி விட்டுப் பொட்டுப்பொட்டாக வைத்திருந்தால் மழைநீர் உள்ளே இறங்கிப் பஞ்சு ஊறும். அதன்பின் துரு உள்ளிருந்து பிடிக்கும், கண்ணுக்கே தெரியாது.

அளவு விஷயத்தில் சேம்பர் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு ஃபயர்பாக்ஸ் என்பது பழைய கணக்கு. 20 அங்குல விட்டமும் 36 அங்குல நீளமும் கொண்ட சேம்பரின் கொள்ளளவு ஏறத்தாழ 11,300 கன அங்குலம். மூன்றில் ஒரு பங்கு சுமார் 3,770. இதை மட்டும் நம்பினால் பதினைந்தரை அங்குலச் சதுரப் பெட்டிதான் வரும். தணல் அடியில் கிடக்க, அதற்கு மேல் கட்டை, அதற்கும் மேல் கொழுந்து நீள இடம் வேண்டும். அந்தப் பெட்டியில் அது கிடைக்காது. அதே 20 அங்குலக் குழாயில் 20 அங்குல நீளம் வெட்டிக் கேளுங்கள். கொள்ளளவு சுமார் 6,280, அதாவது சேம்பரில் பாதிக்கு மேல். உள்ளே விறகு வைக்கும் சட்டம் தரையிலிருந்து 3 அங்குலமாவது உயர்ந்திருக்கட்டும், காற்று அடியிலிருந்து ஏற.

சேம்பரின் விட்டம்: 16, 20, 24 அங்குலம்

சிறியது வாங்கினால் எளிது என்று நினைத்து 16 அங்குலத்தைக் கேட்பவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். அந்தச் சேம்பரை 250-இல் வைக்கும் நெருப்பு மிகச் சிறியது. அவ்வளவு சிறிய நெருப்பு சுத்தமாக எரியாது. கட்டையைச் சிறாய் சிறாயாகப் பிளந்து கால் மணிக்கொரு முறை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

20 அங்குலத்தில் 12 முதல் 14 அங்குல நீளமும் 3 அங்குலத் தடிமனும் உள்ள கட்டையை அரை மணியிலிருந்து நாற்பது நிமிடத்துக்கு ஒன்றாகப் போடலாம். பன்னிரண்டு மணி நேர பிரிஸ்கெட்டுக்கு இருபது கட்டைக்கு மேல் எடுத்துவையுங்கள். 36 அங்குல நீளத்தில் நெருப்புக் கோடியின் முதல் 6 அங்குலத்தை விட்டுவிட்டால் இரண்டு பிரிஸ்கெட் தாராளமாகவும் மூன்று நெருக்கியும் கொள்ளும். எடை மொத்தம் 500 பவுண்டு அளவில் வரும்.

24 அங்குல விட்டம், 48 அங்குல நீளம் என்றால் 94 காலன் கொள்ளளவு. நான்கைந்து பிரிஸ்கெட் வைக்கலாம். நெருப்பு பெரிது, அதனால் சுத்தமாக எரியவைப்பதும் சுலபம்; விறகும் அதற்கேற்பப் போகும். ஆண்டுக்கு ஒரு விருந்தை நினைத்து இதை வாங்கினால், மற்ற நாளெல்லாம் இரண்டு கோழிக்காகப் பெரிய பெட்டியைக் காய்ச்ச வேண்டிவரும். மாட்டிறைச்சி சமைக்காத வீடுகளில் ஆட்டுத் தொடையும் கோழியும்தான் அதிகம் என்றால் 20 அங்குலமே சரி. டெக்சஸிலும் ஆட்டிறைச்சி பார்பிக்யூ பழைய வழக்கம். பிரேடி என்ற ஊரில் பல பத்தாண்டுகளாக அதற்கென்றே போட்டி நடக்கிறது.

வாசலையும் அளந்துகொள்ளுங்கள். பின்முற்றத்துக் கதவு பல வீடுகளில் 36 அங்குலம்தான். முன்பக்கத் தட்டும் கதவின் எதிர்எடையும் சேர்ந்து பெட்டியின் அகலம் 34-ஐத் தாண்டினால் உள்ளே போகாது.

புதுக் குழாயா, பழைய புரொப்பேன் தொட்டியா

250 காலன் புரொப்பேன் தொட்டியின் விட்டம் 30 அங்குலம், நீளம் ஏழரை அடி அளவில். வீட்டுக்கு அது பெரிது. குறுக்கி வெட்டித்தான் செய்ய வேண்டும். அதன் குவிந்த முனைகளில் புகை மூலையில் தேங்காமல் வழுக்கிப் போகும், அது நிஜமான நன்மை. ஆனால் காலித் தொட்டியிலும் வாயு மிச்சமிருக்கும். தண்ணீர் நிரப்பாமல் வெட்டுபவரிடம் ஆர்டர் கொடுக்காதீர்கள். கசிவு தெரிய வாயுவில் கலக்கும் மெர்காப்டன் நாற்றம் இரும்பில் ஒட்டியிருக்கும். சமைக்குமுன் பெருநெருப்பு போட்டு எரித்தெடுக்க வேண்டும். வெளிப் பெயின்டை முழுக்கச் சுரண்ட வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். இதையெல்லாம் கணக்கில் எடுத்தால் சிறிய பெட்டிக்குப் புதுக் குழாயே நிம்மதி. துத்தநாகப் பூச்சுள்ள எந்தப் பாகமும், கிரில் கம்பி உட்பட, உள்ளே வேண்டாம்.

ஆர்டர் தாளில் எழுத வேண்டியவை

புகைபோக்கி 20 அங்குலத்துக்கு 5 அங்குல விட்டம். 4 அங்குலத்தைவிட இதன் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல். இழுப்பு அதில்தான் இருக்கிறது. உயரம் 30 முதல் 36 அங்குலம், தொடங்குவது கிரில் மட்டத்தில். சேம்பரின் உச்சியில் ஓட்டை போட்டு நட்ட புகைபோக்கியில் சூடு கூரையோடு ஓடித் தப்பிவிடும். அதில் டேம்பர் (புகையை அடைக்கும் மூடி) போட்டுக் கொடுத்தாலும் முழுதாகத் திறந்தே வையுங்கள்.

வெப்பமானி இரண்டு, கிரில் மட்டத்தில், இரு கோடியிலும். கதவின் உச்சியில் ஒன்று மட்டும் இருந்தால் இறைச்சி இருக்கும் இடத்தின் சூட்டை அது சொல்லாது. சேம்பரின் அடி வடிகாலை நோக்கிச் சற்றுச் சரிந்திருக்கட்டும். வெளிப்பூச்சு எதுவானாலும் ஃபயர்பாக்ஸில் உரியத்தான் செய்யும், அதற்காகக் கூடுதல் காசு வேண்டாம். எண்ணெய் தடவிவந்தால் போதும். சாம்பலை மட்டும் அன்றன்றே அள்ளுங்கள், ஈரம் பட்டால் இரும்பை அரிக்கும்.

பெட்டியை எடுக்கப் போகும்போது 20 விழுக்காட்டுக்குக் கீழ் ஈரமுள்ள ஓக் விறகோடு போய், அங்கேயே ஒருமுறை எரித்துக் காட்டச் சொல்லுங்கள். சேம்பர் கதவை வெட்டியதும் குழாய் தன் இறுக்கம் விட்டுச் சற்று விரியும், கதவு வளையும். உள்ளே டார்ச் வைத்து மூடி, வெளிச்சம் கசியும் இடத்தைப் பாருங்கள். நூலளவு கீற்று பரவாயில்லை, நாலைந்து சமையலில் கரியே அடைத்துவிடும். எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேல் வாய் பிளந்திருந்தால் திருத்தித் தரச் சொல்லுங்கள். பிறகு சூட்டை 350-க்கு ஏற்றி, கிரில் முழுக்க வெள்ளை ரொட்டித் துண்டுகளை அடுக்குங்கள். எந்தத் துண்டு முதலில் கருகுகிறது என்று பார்த்தால் சூடு எங்கே குவிகிறது என்பது தெரிந்துவிடும். நெருப்புக் கோடியில் ஒரு சாண் தூரம் கருகினால் அது இயல்பு. நடுவரை கருகினால், ஃபயர்பாக்ஸ் வாயில் சூட்டைக் கீழே திருப்பும் ஒரு சாய்தகட்டை வைத்துத் தரும்படி கேட்டு, அது வைத்தபின் இன்னொரு முறை ரொட்டி அடுக்கிப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.