அசையாமல் நின்றாலும் நகரும் புள்ளி: கையடக்க ஜிபிஎஸ் கருவியுடன் சில ஆண்டுகள்

நான் பயன்படுத்தும் அதே கருவியை வாங்க எண்ணியிருக்கும் நண்பர் ஒருவர், மேசை மீது அசையாமல் வைத்திருக்கும்போதும் திரையில் புள்ளி மெல்ல நகர்வது பழுதா என்று கேட்டார். பழுது அன்று, எந்தக் கருவியிலும் இது இருக்கும்.

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிலிருந்து வரும் சமிக்ஞையின் பயண நேரத்தைக் கொண்டே கருவி தன் இடத்தைக் கணக்கிடுகிறது. அந்த நேரத்தில் ஒரு நானோ நொடி பிசகினால் தொலைவில் 30 சென்டிமீட்டர் பிசகும். வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்னூட்டம் பெற்ற துகள்கள் நிறைந்த அயனி மண்டலம் சமிக்ஞையைத் தாமதப்படுத்துகிறது. நொடிக்கு ஏறத்தாழ 4 கிலோமீட்டர் வேகத்தில் செயற்கைக்கோள்கள் நகர்வதால் வானில் அவற்றின் அமைப்பும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒன்று மறைந்து இன்னொன்று கணக்கில் சேரும்போது புள்ளி சட்டென்று இடம் மாறுவதைக் காணலாம். அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலப்பதுதான் காரணம் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அந்த ஏற்பாடு 2000 மே மாதத்திலேயே நிறுத்தப்பட்டுவிட்டது.

நிற்கும்போது இது கூடுதலாகத் தெரிவதற்கு முக்கியமான காரணம் எதிரொலிப்பு. சுவரிலோ பாறையிலோ பட்டுத் திரும்பும் சமிக்ஞை, நேரடியாக வந்ததோடு கலந்து அளவைக் கெடுக்கிறது. நடக்கும்போது இந்தக் கலப்பு விரைவாக மாறுவதால் பிழைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன; ஓரிடத்தில் நிற்கும்போதோ அது பல நிமிடங்கள் ஒரே பக்கமாக இழுத்துவிட்டு, பிறகு மெதுவாக வேறு பக்கம் திரும்புகிறது. மேலும், நடையின்போது டாப்ளர் மாற்றத்திலிருந்து (நகர்வினால் சமிக்ஞையின் அதிர்வெண்ணில் ஏற்படும் மாற்றம்) கிடைக்கும் வேகமும் திசையும் பாதையைச் சீராக்குகின்றன. நின்றவுடன் அந்த வேகம் பிழையின் அளவுக்குள் மறைந்துபோவதால், திசைகாட்டும் அம்பு பொருளின்றிச் சுழல்கிறது.

இவை அனைத்தையும் நான் ஏற்கிறேன். ஏற்க முடியாதது, என் கருவி இந்த அலைச்சலை நடந்த தூரத்தோடு கூட்டிவிடுவதுதான். புள்ளி முன்னும் பின்னும் போனாலும் ஒவ்வொரு சிறு நகர்வின் நீளமும் கூட்டலில்தான் சேரும், எதுவும் கழியாது. மரநிழலில் மதிய ஓய்வு நீண்டால், நடக்காத தூரம் பயணக் கணக்கில் ஏறிவிடுகிறது. குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே புள்ளியைப் பூட்டிவைக்கும் கருவிகள் உண்டு. ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் மெல்ல நடப்பவரின் வளைவுகளை அவை விழுங்கிவிடக்கூடும். ஆகவே அதைப் பயனரின் விருப்பத்துக்கு விட்டிருக்க வேண்டும். என் கருவியில் அப்படி ஓர் அமைப்பே இல்லை.

திரையில் காட்டப்படும் '3 மீட்டர் துல்லியம்' என்ற எண்ணும் எனக்குச் சினமூட்டுகிறது. அது ஒரு மதிப்பீடு. உண்மையான இடம் அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பதும் இயல்பே. அதை எல்லையாக நம்பி ஓரிடத்தைக் குறித்தால் ஏமாற்றமே மிஞ்சும். இடத்தைச் சரியாகக் குறிக்க வேண்டுமானால் சராசரி எடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். அடுத்தடுத்த நிமிடங்களின் பிழைகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ கழித்து மீண்டும் எடுத்துச் சேர்த்தால்தான் பலன் தெரியும்.

மழையிலும் கையுறையோடும் இதன் பொத்தான்கள் தவறாமல் இயங்குகின்றன. அடர்ந்த மரங்களின் கீழும் சமிக்ஞையை விடாமல் பிடித்துக்கொள்கிறது. இந்த வகையில் இதைவிட நம்பகமான கருவியை நான் கையாண்டதில்லை. ஆயினும் இன்னொரு முறை இதை வாங்க மாட்டேன். எல்1, எல்5 என்ற இரு அலைவரிசைகளையும் பெற்று அயனி மண்டலத் தாமதத்தைத் தானே கணக்கிட்டு நீக்கும் கருவியையே தேடுவேன்; அதிலும், ஓய்வின்போது தூரக் கணக்கைத் தானே நிறுத்தும் வசதி இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.