புதுச் செடிக்குக் குளியலா, தனி வாளியா?

மீன் தொட்டிக்கு வாங்கும் புதிய நீர்ச்செடியோடு நத்தையும் பூச்சியும் வந்துசேராமலிருக்க, அதை மருந்து நீரில் நனைத்தெடுத்தால் போதும் என்பார் சிலர். சில வாரம் தனியே வைத்துப் பார்க்க வேண்டும் என்பார் வேறு சிலர். நான் இரண்டாவது கட்சி.

மட்டக்களப்பின் கல்லடியில் எங்கள் கிணற்று நீர் கடினமானது. ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பு தாராளமாகக் கிடைப்பதால் நத்தைகள் செழிக்கின்றன. ஒருமுறை கபோம்பா என்னும் மெல்லிலைச் செடியை இரண்டு கட்டு வாங்கிய கையோடு தொட்டியில் விட்டேன். ஒரு மாதத்துக்குள் கண்ணாடியெல்லாம் நத்தை. கப்பிக் குஞ்சுகளும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அதுதான் மனதை வருத்தியது. தின்றது செடியோடு வந்த ஊசித்தும்பியின் இளம்பூச்சி.

குளியலில் வேகமானது துணி வெளுக்கும் குளோரின் திரவம். ஒரு பங்கு திரவத்துக்குப் பத்தொன்பது பங்கு நீர், இரண்டு நிமிடம். அனூபியாஸ் போன்ற தடித்த இலைகள் தாங்கும். கபோம்பாவும் ஜாவா பாசியும் கருகிவிடும். பாமசியில் கிடைக்கும் ஊதா நிறக் கொண்டீஸ் (பொற்றாசியம் பரமங்கனேற்று) மென்மையானது. ஆனால் நத்தை முட்டைகளைச் சுற்றியுள்ள வழுவழுப்பு அதைத் தடுத்துவிடுகிறது, நம்பி ஏமாந்திருக்கிறேன். படிகாரம் மலிவு, பலசரக்குக் கடையிலேயே கிடைக்கும். நான்கு லீற்றர் நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைப்பேன். குளியல்களில் என் தெரிவு இதுவே.

ஆனாலும் ஊசித்தும்பி தண்டைக் கீறி அதனுள்ளே முட்டையிடுகிறது. அங்கே எந்த மருந்து நீரையும் நம்பமுடியாது. முட்டை பொரித்து வெளியே வரும்வரை காத்திருப்பதே வழி. தனி வாளியின் மதிப்பு அதில்தான் இருக்கிறது. நம் வெப்பத்தில் நத்தை முட்டைகள் ஓரிரு வாரத்தில் பொரிக்கும். நான் நான்கு வாரம் வைக்கிறேன். இரவில் ஒரு வெள்ளரித் துண்டைப் போட்டு, விடியுமுன் டோர்ச் அடித்துப் பார்த்தால் ஒளிந்திருக்கும் நத்தைகள் அதில் கூடியிருக்கும்.

வாளிக்கும் ஒரு பெருங்குறை உண்டு: நுளம்பு. தேங்கிய நீரில் டெங்கு நுளம்பு ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து வளர்ந்து பறந்துவிடும். மீன் விட்டால் அது நுளம்புப் புழுவோடு நாம் தேடும் பூச்சியையும் தின்றுவிடும். தொட்டியில் என்ன வரப்போகிறது என்பது தெரியாமலே போகும். ஆகவே நைலோன் வலையால் வாளியை இறுக மூடி, வாரம் இருமுறை நீரை மாற்றி, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வலை ஊர்த் தும்பிகளையும் தடுக்கும். இதைச் செய்ய நேரமில்லாதவர் வாளி வைக்காமல், படிகாரக் குளியலோடு நிற்பது நல்லது.

நேரமிருப்பவர் முதலில் படிகாரத்தில் ஊறவைத்து, நன்றாக அலசி, பிறகு வாளியில் இடட்டும். மாற்றும் நீரையும் கழித்த இலைகளையும் வாவிக்கு ஓடும் வடிகானில் கொட்டாதீர்கள். வாவியை மூடும் ஆற்றுவாழையும் (ஆகாயத்தாமரை) இந்த நாட்டுக்கு அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடிதான். நான் நீரைத் தென்னையடி மணலில் ஊற்றி, இலைகளை வெயிலில் காயவைத்து எரிக்கிறேன்.