செய்தியிலிருந்து பதிவேட்டுக்கு: தரவுக் கருவிகளுடன் ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு நிருபரின் அனுபவம்

ராமேசுவரம், பாம்பன், மண்டபம், தொண்டி பகுதிகளின் மீனவர் செய்திகளை எழுதிவரும் உள்ளூர் நிருபர் நான். சில ஆண்டுகளாகக் கூகுள் ஷீட்ஸ் (அட்டவணை), ஓப்பன்ரிஃபைன் (தரவைச் சீராக்க), டபுலா (பிடிஎஃப்-இலிருந்து அட்டவணை எடுக்க), கியூஜிஐஎஸ் (வரைபடம்) ஆகிய கருவிகளைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். நான்கும் கட்டணமின்றிக் கிடைப்பவை. அவற்றுக்குச் சாதாரண மடிக்கணினியே போதும்.

இவற்றால் எனக்குக் கிடைத்த பெரும் பயன் படகுப் பதிவேடுதான். இலங்கைக் கடற்படை மீனவர்களைச் சிறைபிடித்த செய்தி முதல் பக்கத்தில் வரும். இலங்கையில் ஊர்காவற்றுறை என்னும் ஊரிலுள்ள நீதிமன்றத்தின் காவல் உத்தரவு, விடுதலை, படகு அரசுடைமையானது ஆகியவை பின்னர் வெவ்வேறு நாட்களில் உள்பக்கங்களில் சிதறி, ஒன்றோடொன்று சேராமலே மறக்கப்படும். ஷீட்ஸில் செய்திக்கு ஒரு வரிசை என்றில்லாமல் படகுக்கு ஒரு வரிசை என்று வைத்துக்கொண்டபோது, ஆட்கள் திரும்பிய தேதி நிரம்பியும் படகு திரும்பிய தேதி வெறுமையாகவும் நிற்கும் வரிசைகள் கண்ணில் பட்டன. இழுவைமடி மீன்பிடிப்பை 2017-இல் தடைசெய்த இலங்கை, 2018-இல் அந்நிய நாட்டுப் படகுகளுக்கான அபராதத்தையும் பெருமளவு உயர்த்தியது. அதன் விளைவை விசாரிக்க எந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பதை அந்த வெறுமையான கட்டங்களே காட்டின. விடுதலையானவரை வரவேற்கும் படத்தோடு முடிந்துவந்த செய்தி, படகின் மேல் வாங்கிய கடனை இப்போது யார் கட்டுகிறார்கள் என்ற கேள்விக்கு நகர்ந்தது.

ஒரே சிறைபிடிப்பு இருமுறை பதிவாவதும் உண்டு. நள்ளிரவை ஒட்டி நடப்பதை ஒரு தரப்பு முந்தைய தேதியிலும் மறுதரப்பு மறுதேதியிலும் சொல்லும். ஆகவே ஐஎன்டி-டிஎன்-10-எம்எம் என்று தொடங்கும் விசைப்படகுப் பதிவெண்ணையே அடையாளமாகக் கொள்கிறேன்.

பெயர்களைச் சீராக்க ஓப்பன்ரிஃபைனுக்கு ஈடாக நான் வேறொன்றைக் கண்டதில்லை. அதன் ‘ஃபிங்கர்பிரிண்ட்’ முறை சொற்களைப் பிரித்து அகர வரிசையில் அடுக்கி ஒப்பிடுவதால், ‘மு. முனியசாமி’யையும் ‘முனியசாமி மு.’வையும் ஒரே குழுவில் சேர்த்துவிடும். ஆனால் புள்ளிக்குப் பின் இடைவெளி விடாமல் ‘மு.முனியசாமி’ என்று தட்டச்சு செய்திருந்தால், புள்ளியை நீக்கியதும் முழுவதும் ஒரே சொல்லாக ஒட்டிக்கொண்டு குழுவில் சேராது. எனவே ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னும் முதலில் இடைவெளி சேர்த்துவிட வேண்டும். இன்னொரு சிக்கல் கருவியுடையதன்று. ஒரே தெருவில் ஒரே தலைப்பெழுத்தோடு இரண்டு முனியசாமிகள் இருக்கும் ஊர்கள் இவை. ‘ஒன்றாக்கு’ என்ற பொத்தான் அருகிலேயே இருக்கும். அதை அழுத்துவதற்கு முன் மீனவர் சங்கத்தில் விசாரித்தே ஆக வேண்டும்.

அரசு அலுவலகங்கள் தரும் பிடிஎஃப் கோப்புகளிலிருந்து அட்டவணையை எடுக்க டபுலா உதவும். எழுத்துகள் எழுத்துகளாகவே உள்ள கோப்பில்தான் அது வேலை செய்யும். ஸ்கேன் செய்த படத்தில் செய்யாது. தமிழுக்கென்று ஒரு தனித் தொல்லையும் உண்டு. ஒருங்குறியை (யூனிகோட்) தரமாக ஏற்கும் அரசாணை 2010-இலேயே வந்துவிட்டபோதிலும், வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தயாரித்த கோப்புகள் இன்னும் கைக்கு வருகின்றன. அவற்றில் எண்கள் ஒழுங்காக வந்து சேரும்; பெயர்களின் இடத்திலோ பொருளற்ற ஆங்கில எழுத்துகள் நிற்கும். எழுத்துரு மாற்றியில் போட்டாலும் கொம்பும் காலும் இடம் மாறிக்கிடக்கின்றன. ஒரு பக்கத்துக்குள் அடங்கும் அட்டவணையென்றால் கையால் தட்டச்சு செய்வதே விரைவு என்பது என் கருத்து.

தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பகுதியின் மணல்திட்டு மாற்றங்களைப் பார்க்க, சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களைக் கியூஜிஐஎஸ்ஸில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கிறேன். 2017-இல் இரண்டாவது செயற்கைக்கோள் சேர்ந்தபின் ஐந்து நாளுக்கொரு படம் கிடைக்கக்கூடும் என்றாலும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பல படங்களை மேகம் மறைத்துவிடுகிறது. மேலும் படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். ‘கடல் ஐந்து மீட்டர் உள்வாங்கியது’ என்று அதை நம்பித் தலைப்பு வைக்கக் கூடாது. படம் எடுத்த வேளையின் ஓதத்தை, அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தை, கணக்கில் கொள்ளாதவர்கள் அப்படியும் தலைப்பு வைக்கிறார்கள்.

குரலை எழுத்தாக்கும் கருவிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அறைக்குள் எடுத்த பேட்டியை ஓரளவு தருகின்றன. பாம்பன் கரைக் காற்றிலும் படகு எஞ்சின் இரைச்சலிலும் பதிவு செய்ததை நம்பிப் பயன்படுத்த முடிவதில்லை.

இவையெல்லாம் மேசையிலேயே செய்தியை முடித்துவிடும் வேலை என்று சக நிருபர்கள் சிலர் கருதுகிறார்கள். ஆனால் 1967-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெட்ராய்ட் கலவரத்தை அடுத்துப் பத்திரிகையாளர் பிலிப் மேயர் கணிப்பொறியில் ஆராய்ந்த விடைகளும் நேர்காணல்களில் திரட்டப்பட்டவையே. என் பதிவேட்டிலும் விடுபட்ட கட்டங்களைத் துறைமுகத்தில்தான் நிரப்ப முடிகிறது. அதற்கு ஏற்ற காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் மராமத்துக்காகக் கரையேறி நிற்கும் அந்நாட்களில் உரிமையாளர்களும் உடனிருப்பார்கள். பதிவெண்ணைச் சொன்னால் போதும், அந்தப் படகின் கதையை அவர்களே தேதிவாரியாகச் சொல்லிவிடுவார்கள்.