ரிவைவ் குளியல்: புழு உதிரும், முட்டை உதிராது

கடல்நீர் மீன்தொட்டிக்குப் புதிதாக வாங்கிய உயிருள்ள பவளங்களை, ஒட்டியிருக்கும் புழுக்கள் உதிரும்படி முக்கியெடுக்க, டூ லிட்டில் ஃபிஷீஸ் நிறுவனத்தின் ரிவைவ் என்னும் தாவரச் சாற்றுத் திரவத்தை ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன். ஒரு லிட்டர் கடல்நீருக்குச் சுமார் 10 மில்லி கலந்து, பவளத்தை 5 நிமிடம் அமிழ்த்தி, பிப்பெட்டால் இடுக்குகளில் நீரைப் பீய்ச்ச வேண்டும். சென்ற மாதம் அக்ரோபோரா என்னும் கிளைப்பவளத்தின் ஒரு துண்டை அவ்வாறு அலசியபோது, கடையில் எவர் கண்ணிலும் படாத இரண்டு பவளந்தின்னித் தட்டைப்புழுக்கள் உதிர்ந்து கிண்ணத்தின் அடியில் சுருண்டன. பவளத்தின் நிறத்தையே பூண்டிருப்பதால் கிளையில் ஒட்டியிருக்கும்வரை அவற்றைக் காண்பது அரிது. நீர் கலங்கிவிடுவது மட்டும் எரிச்சலூட்டுகிறது. வெள்ளைக் கிண்ணம் இல்லாவிட்டால் ஒன்றும் தெரியாது.

ஆனால் இத்தகைய குளியல் எதுவும் முட்டைகளை அழிப்பதில்லை. பவளத்தின் அடியில், தசை மூடாத எலும்புப் பகுதியில் பழுப்புநிறத் திட்டாக ஒட்டியிருக்கும் அவற்றைப் பிளேடால் சுரண்டியெடுத்து, கடைக்காரர் ஒட்டித்தந்த அடிக்கட்டையையும் நான் அகற்றிவிடுகிறேன். எஞ்சிய முட்டைகள் பொரிந்து வெளிவரும் என்பதால், தனித்தொட்டியில் 6 வாரம் வைத்து, வாரமொருமுறை மீண்டும் முக்குகிறேன். பயன்படுத்திய நீரை ஒரு துளிகூடப் பெரிய தொட்டியில் ஊற்றக்கூடாது.