பைனல் எது மக்கா? வாட்ஸ்அப், கூகுள், மூடுல்

எங்கள் துறையில் கடைசி ஆண்டுப் பிள்ளைகள் ஐந்தைந்து பேராகச் சேர்ந்து புராஜெக்ட் செய்தாக வேண்டும். போன தடவை ஒரு குழு சுசீந்திரம் தேரூர் குளத்தில் பறவை எண்ணியது. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த குளம். ஒருவனுக்குக் குளச்சல், ஒருத்திக்கு மார்த்தாண்டம், இன்னொருத்திக்கு ஆரல்வாய்மொழி. வகுப்பு முடிந்ததும் ஆளுக்கொரு பஸ். அப்புறம் சேர்ந்து வேலை செய்வதெல்லாம் போனில்தான்.

"காலையில ஆறு மணிக்கு குளக்கரை" என்று சொல்ல வாட்ஸ்அப்பை அடிக்க ஆளில்லை. மழை வந்தால் ஒரு வாய்ஸ் நோட், முடிந்தது. அறிக்கையையும் அதிலேயே எழுதப் போனதுதான் வினை. 'பைனல்', 'பைனல் 2', 'ஒரிஜினல் பைனல்' என்று மூன்று வேர்டு கோப்புகள். "பைனல் எது மக்கா?" என்ற கேள்விக்கு ராத்திரி வரை பதில் இல்லை, அவரவர் போனில் இருந்த பிரதியை அவரவர் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

கூகுள் டாக்ஸிலும் ஷீட்ஸிலும் இருப்பது ஒரே பிரதி. நோட்டில் 43 என்று இருந்த நீர்க்காகம் ஷீட்டில் 34 ஆகிவிட்டது. சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். லேப் கம்ப்யூட்டரில் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்தோம்: யார், எந்த நேரம், எந்தக் கட்டம், எல்லாம் இருந்தது. போனில் தூக்கக் கலக்கத்தில் தட்டியவன் தலையைச் சொறிந்தான், அவ்வளவுதான். ஐந்து பேர் பெயர், இரண்டு பேர் உழைப்பு என்ற பழைய கதையும் இதில் அம்பலமாகும். ஆனால் அதை வைத்தே மார்க் போட்டால் தப்பு. கரையில் நின்று எண்ணிச் சொன்னவளை ஹிஸ்டரி காட்டாது, தட்டியவனைத்தான் காட்டும்.

மூடுல் என்பது பாடம், பயிற்சி, மதிப்பெண் எல்லாவற்றையும் இணையத்தில் ஒரே இடத்தில் வைக்கக் கல்லூரிகள் நிறுவும் மென்பொருள். 2002-இல் ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியாமாஸ் வெளியிட்டது. மென்பொருள் இலவசம், சர்வரும் அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் கல்லூரி செலவு. ஒருவர் கட்டுரையை இன்னொருவர் படித்து மதிப்பெண் இடும் 'ஒர்க்‌ஷாப்' வசதி அருமை. அறுபது பேர் வகுப்புக்குச் சரி. ஐந்து பேருக்குக் கல்யாணப் பந்தல்.

இந்த வருடம் பேச்சு வாட்ஸ்அப்பில், எழுத்து கூகுளில் என்று வைத்திருக்கிறேன். குழுவில் கோப்பு அனுப்பக் கூடாது. முதல் வாரமே ஒருவன் எக்செல் அனுப்பினான். நானும் அந்தக் குழுவில் இருப்பதை மறந்து அடுத்தவன் எழுதினான்: "சார் பாக்கதுக்கு முன்ன டெலிட் பண்ணுலே."