இரண்டு வருட ஒயின் சந்தா: பிடித்தது மட்டும் திரும்ப வராது

‘நீ இருக்கிற அந்த ஒயின் கிளப்பில் நானும் சேரட்டுமா?’ என்று தோழி ஒருத்தி போன வாரம் கேட்டாள். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை.

மாதம் மூன்று பாட்டில், எல்லாம் சின்னத் தயாரிப்பாளர்களுடையது, எதை அனுப்புவது என்பது அவர்கள் விருப்பம். இது சேரும்போதே தெரிந்ததுதான். என் கோபம் வேறு.

நாலாவது மாதப் பெட்டியில் ஜார்ஜியா நாட்டின் காகேத்தி பகுதியிலிருந்து சபெராவி என்ற திராட்சையில் செய்த ஒரு சிவப்பு ஒயின் வந்தது. பெரும்பாலான சிவப்பு ஒயினுக்கு நிறம் திராட்சைத் தோலிலிருந்துதான் வரும், சதை வெளிறித்தான் இருக்கும். சபெராவிக்குச் சதையும் சிவப்பு. ஊற்றினால் மை மாதிரி இருந்தது, கோப்பையின் மறுபக்கம் தெரியவில்லை. கழுத்துவரை மண்ணில் புதைத்த களிமண் தாழியில் புளிக்க வைத்த ஒயின் அது. அந்தத் தாழி முறையை யுனெஸ்கோ 2013இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. முதல் வாய்க்குத் துவர்ப்பு நாக்கையே சுருட்டியது. சரி, ஒரு மணி நேரம் திறந்து வைப்போம் என்று வைத்தேன். அப்புறம் குடித்தது வேறு ஒயின். தாழியைப் பற்றிப் படித்துக்கொண்டே பாதி பாட்டிலைக் காலி செய்தேன்.

மறுநாளே ஆறு பாட்டில் கேட்டு எழுதினேன். ‘தீர்ந்துவிட்டது, அடுத்த அறுவடை வந்ததும் சொல்கிறோம்’ என்றார்கள். கணக்குப் பார்த்தால் அவர்கள்மேல் தப்பில்லை. வழக்கமான 225 லிட்டர் பீப்பாய் என்றாலே 300 பாட்டில்தான் தேறும். சின்ன ஆட்கள் ஒரு ரகத்தில் எவ்வளவுதான் போடுவார்கள்? உறுப்பினருக்கு ஆளுக்கொன்று போனால் முடிந்தது. ஆனால் அடுத்த அறுவடை வந்தது, எனக்குச் சொல்லவில்லை. யார் யாருடைய பெட்டிக்கோ போய்விட்டது.

கிரேக்க நாட்டின் சாண்டோரினித் தீவிலிருந்து வந்த அசிர்டிகோ என்ற வெள்ளை ஒயினிலும் இதே கதை. அங்கே அடிக்கிற காற்றுக்குத் தாங்காது என்று கொடியைக் கூடைபோலத் தரையோடு சுருட்டி வளர்க்கிறார்கள். நல்ல புளிப்பு, கடைசியில் லேசாக உப்புக் கரித்தது. இரண்டே இரண்டு பாட்டில் கேட்டேன். தீர்ந்துவிட்டதாம். சோப்புத் தண்ணீர் மாதிரி ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயின் ஒன்று வந்ததே, அது மட்டும் தீரவே இல்லை. தள்ளுபடியில் வேண்டுமா என்று மூன்று முறை மின்னஞ்சல்!

மற்றபடி குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஒரு பாட்டிலில் தக்கை கெட்டு நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தது. ஒரு கேள்வி கேட்காமல் வேறு அனுப்பினார்கள். கடும் வெயில் மாதங்களில் பெட்டியை நிறுத்தி வைக்கச் சொன்னால் வைக்கிறார்கள். வெள்ளை ஒயினின் அடியில் மினுங்கியதைக் கண்ணாடித் தூள் என்று பயந்தேன். குளிரில் படிகிற டார்டாரிக் அமில உப்பு, கெடுதல் இல்லை என்று கூடவே வந்த அட்டையில் முன்கூட்டியே எழுதியிருந்தது. கையெழுத்துப் போட வீட்டில் ஆள் இல்லாமல் பெட்டி இரண்டு தடவை திரும்பிப் போனது, அது என் தப்பு.

தோழியிடம் ‘சேராதே’ என்றேன்.

‘அரை மணி நேரமாகத் தாழி புராணம் பாடிவிட்டுச் சேராதே என்கிறாயே?’

ஆமாம், சேராதே. இருக்கிற 300 பாட்டிலில் இன்னொரு பங்காளி எதற்கு?